ஒரே நாளில் விடவில்லை

சேகர்,

இதை நீ தனியாக இருக்கும்போது படி. மாலதியிடம் காட்டுவதா வேண்டாமா என்பதைப் பிறகு நீயே முடிவு செய்துகொள். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் அவளுக்கும் தெரிய வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்தக் கடிதத்தை நான் எழுதுவது இது நான்காவது தடவை. முதல் மூன்றும் எங்கெங்கோ சுற்றிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே நின்றுபோயின. முப்பது வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக நின்று, சாட்சிகள் தமிழில் சொன்னதை மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். மற்றவர்களுடைய பேச்சைச் சொல்ல ஒருநாளும் எனக்கு நா தடுமாறியதில்லை. என் சொந்த விஷயத்தைச் சொல்ல உட்கார்ந்தால் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. இந்தப் பத்தியை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து வாசல் கேட் வரை போய்விட்டு வந்தேன். உன் அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப்போக நீ வந்தாய் அல்லவா? கோப்பி குடித்துக்கொண்டே கேட்டாய். "அப்பா, மாலதி சிகரெட்டை விடச் சொல்றா. நானும் எத்தனையோ தடவை பாத்துட்டேன், ஒரு வாரம் தாண்ட மாட்டேங்குது. நீங்க எப்படிப்பா விட்டீங்க? நெசமா சொல்லுங்களேன்." நீ அப்படிக் கெஞ்சுகிற மாதிரி என்னிடம் எதுவும் கேட்டு வருஷக்கணக்காகிறது. நான் என்ன சொன்னேன்? "மனசு வச்சா முடியும்டா. நான் ஒரே நாள்ல விடலையா?" என்றேன். நீ மிச்சக் கோப்பியைக் குடிக்காமல் தள்ளி வைத்தாய். "சரிப்பா" என்றாய். பத்திரிகைகளைப் பையில் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, நீ வேலை பார்க்கும் புக்கிட் தெங்காவுக்குத் திரும்பிப் போய்விட்டாய். உனக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். அன்றிலிருந்து நாலு நாளாக நான் இந்த வீட்டில் ஓர் இடத்தில் உட்காரவில்லை.

நான் ஒரே நாளில் விடவில்லை, சேகர். சிகரெட்டை விட்டது உண்மை. அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தொட்டதில்லை, அதுவும் உண்மை. ஆனால் சிகரெட்டை விடுவதற்காக டாக்டர் கொடுத்த நிக்கோட்டின் சூயிங்கத்தை மூன்று மாதத்தில் நிறுத்தியிருக்க வேண்டியவன், ஏழு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் என் இடது கன்னத்தில் ஒன்று ஒதுங்கியிருக்கிறது.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். நான் எவ்வளவு சிகரெட் பிடித்தேன் என்பது உனக்குத் தெரியும். கோர்ட்டுக்குப் பின்னால் கடல் காற்று வரும் அந்தத் தாழ்வாரம்தான் எனக்குப் பாதி ஆபீஸ். ஒரு வழக்கு முடிந்து அடுத்த வழக்கைக் கூப்பிடுவதற்குள் ஒன்று, வக்கீல் வரத் தாமதமானால் இரண்டு. சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பேசும்போது இருமல் வந்து, நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். ஏழு வருஷத்துக்கு முன்னால் தைப்பூசத்துக்கு உன் அம்மா பால்குடம் எடுத்தாள். எதற்காக என்று உனக்கு நாங்கள் சொன்னதில்லை. என் இருமல் நிற்க வேண்டும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அவள் பின்னாலேயே தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறி வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பாதிப் படிகூட ஏறவில்லை, மூச்சு அடைத்துக்கொண்டது. ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த காவடிக் கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. யாரோ ஒரு பெண் என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனாள். குடத்தைத் தலையில் வைத்திருந்ததால் உன் அம்மாவால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. நான் பின்னால் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு மேலே போய், பாலை ஊற்றிவிட்டுத் தேடியிருக்கிறாள். இறங்கி வந்து, நான் உட்கார்ந்திருந்த படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை, டத்தோ கிராமாட்டில் நம் வீட்டுக்கு நாலு கடை தள்ளி இருக்கும் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த சீன டாக்டரை உனக்குத் தெரியும், உனக்கு அம்மை போட்டபோது வீட்டுக்கே வந்து பார்த்தவர். அவர்தான் அந்தச் சூயிங்கத்தைக் கொடுத்தார். சாதாரணச் சூயிங்கம் மாதிரி மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, நாக்கில் காரம் தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி கொஞ்சம் மெல்ல வேண்டும். கோப்பி குடித்த கையோடு போடக் கூடாது. மூன்று மாதம் ஆனதும் ஒவ்வொன்றாகக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். இவ்வளவையும் நிதானமாகச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஊரார் பேச்சை ஒரு சொல் விடாமல் கேட்டுச் சொல்கிற நான், எனக்கென்று சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கினேன். மனசு சிகரெட்டைத் தேடும்போதெல்லாம் ஒன்றைப் போட்டுக் கடைவாயில் அரைத்தேன். அது வேலை செய்தது. அதைச் சொல்லாமல் இருப்பது அநியாயம். முதல் மாதத்திலேயே இருமல் பாதியாகக் குறைந்தது. உன் அம்மா அடுப்படியில் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

மூன்றாவது மாதம் உன் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஆம்பளைகள் எல்லாரும் வெளியே நின்றோம். உன் மாமா வழக்கம்போல் பாக்கெட்டை நீட்டினார். "விட்டுட்டேன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "நீங்களா? எப்படி அண்ணே?" என்று ஒருவர் கேட்டார். சூயிங்கம் கன்னத்தில் இருக்கிறது. டாக்டர் மருந்து கொடுத்தார் என்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொன்னது வேறு. "ஒரே நாள்ல விட்டேன். ஃபெரியில போகும்போது பாக்கெட்டைக் கடல்ல வீசினேன், அதோட சரி." அந்த ஃபெரி எங்கிருந்து என் வாயில் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மாதத்தில் நான் ஃபெரி போகும் பட்டர்வொர்த் பக்கமே போகவில்லை. திரும்பிப் பார்த்தேன். பதினெட்டு வயதில் நீ கதவோரம் பாயசக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாய். உன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகு, சொன்னதைத் திருத்திச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பொய் என்னை விட வேகமாக ஊரைச் சுற்றியது. கோயில் இளைஞர் சங்கத்தில் என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். பேசினேன். மன உறுதியைப் பற்றி அரைமணி நேரம், கன்னத்தில் சூயிங்கத்தை வைத்துக்கொண்டே பேசினேன். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு எப்படி டாக்டரிடம் போய், "மூணு மாசம் ஆயிடுச்சு, ஆனா நிறுத்த முடியலை" என்று சொல்வது? அந்தக் கிளினிக்கின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் என் பேச்சைக் கேட்டவர்கள். எங்கே வாங்கினேன் தெரியுமா? டவுனில் மூன்று மருந்துக் கடைகளில் மாற்றி மாற்றி வாங்கினேன். கிளினிக்குக்குப் போய் வாங்கினாலும் வெளியே நின்று யாரும் இல்லாத நேரம் பார்த்து, கவுண்டர்ப் பெண்ணிடம் சட்டென்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். டாக்டர் அறைக்குள் போகவே இல்லை. வீட்டில் கேட்டால் பெப்பர்மிண்ட். இப்படித்தான் மூன்று மாதம் ஒரு வருஷமானது, ஒரு வருஷம் ஏழானது. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு. இந்த மருந்து என்னைச் சிகரெட்டிலிருந்து காப்பாற்றியது, சேகர். என் பொய்தான் அதை இவ்வளவு காலம் இழுத்துக்கொண்டு வந்தது.

உடம்பு சும்மா இருக்கவில்லை. முதலில் நெஞ்செரிச்சல். சாப்பிட்டால்தான் எரியும் என்றில்லை, வெறும் வயிற்றிலும் எரியும். பிறகு வாயில் புண். உள் உதட்டில் ஒன்று ஆறினால் நாக்கோரத்தில் இன்னொன்று. ரசம் சாப்பிட முடியாமல் நான் தட்டைத் தள்ளியபோதெல்லாம் "அம்மா வச்ச ரசத்துல என்ன குறை?" என்று நீ என்னோடு சண்டைக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? ரசத்தில் ஒரு குறையும் இல்லை. தாடை மூட்டு வலிக்க ஆரம்பித்தது. கொட்டாவி விட்டால் காதோரத்தில் டக்கென்று ஒரு சத்தம். விடிவதற்கு முன்பே முழிப்பு வந்து, மறுபடி தூக்கம் பிடிக்காது. அப்புறம் விக்கல். நிறைய மென்று, காரம் கலந்த எச்சிலை விழுங்கினால் விக்கல் வரும். டாக்டர் அதையும் சொல்லியிருந்தார் என்று நினைக்கிறேன்.

அந்த விக்கல் செய்ததைச் சொல்லியாக வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால், நிபோங் தெபால் பக்கத்துப் பைராம் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா சாட்சி சொல்ல வந்தார். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் அவர் புருஷன் மோட்டார் சைக்கிளில் போனபோது லாரி மோதிச் செத்துப்போனார். அந்த விபத்து வழக்கு. அவருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. கூண்டுக்குள் நின்று, கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, என் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசினார். சத்தியப் பிரமாணம் செய்துவைத்தவனும் நான்தானே. வக்கீல் கேட்டார்: நீங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இருந்தாரா? அந்த அம்மா சொன்னார், "இருந்தாருங்கய்யா. பிள்ளைங்க சாப்பிட்டாச்சான்னு கேட்டாரு." நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயைத் திறந்தேன். விக்கல் வந்தது. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி விக்கல். அடக்கப் பார்த்ததில் அது கீச்சென்று ஒரு சத்தமாக வந்தது. பின் பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா அவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஏங்கய்யா சிரிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"சிரிக்கலம்மா, விக்கல்" என்றேன். அதைச் சொல்லும்போதே இன்னொன்று வந்தது. அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஆமாம், இல்லை, தெரியாது என்பதோடு நிறுத்திக்கொண்டார். நீதிபதி நல்ல மனிதர், பத்து நிமிஷம் இடைவேளை விட்டார். நான் தாழ்வாரத்துக்கு ஓடினேன். போய் என்ன செய்தேன்? மனசு படபடக்கிறதே என்று இன்னொரு சூயிங்கத்தைப் பிரித்து வாயில் போட்டேன். அதைத்தான் செய்தேன். மாலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் அந்த அம்மாவைத் தேடிக்கொண்டு போனேன், கிடைக்கவில்லை. புருஷனின் கடைசிப் பேச்சைச் சொன்னபோது ஒரு தமிழன் சிரித்தான் என்ற நினைப்போடுதான் அவர் ஊருக்குப் போயிருப்பார்.

அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கோர்ட்டுக்குள் போவதற்கு முன் துப்பிவிட்டுப் போனேன், அவ்வளவுதான்.

போன வருஷம், நான் ரிட்டையர் ஆன கையோடு, கடைவாயில் கட்டியிருந்த பல் இரண்டாவது தடவையாகக் கழன்று வந்தது. பல் டாக்டரிடம் அம்மாவும் கூட வந்தாள். "என்ன சார், ஒட்டுற சாமான் ஏதாவது மெல்லுறீங்களா?" என்று அவர் கேட்டார். "டாபி சாப்பிடுவேன்" என்றேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். உன் அம்மா என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"டாபியா?"

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

"உங்க சட்டையைத் தோய்க்கிறது நான்தாங்க. அந்த வெள்ளித் தாளை எத்தனை வருஷமா பொறுக்குறேன். கிளினிக்ல போய்க் கேட்டேன், இன்ன மருந்துன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"கேட்டா ரோஷத்துல இதை விட்டுட்டு, திரும்ப சிகரெட்டை எடுத்துடுவீங்களோன்னு பயம். படியில உக்காந்திருந்தீங்களே, அது போதும் எனக்கு." பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு, "ஆனா வலிக்குதுன்னா சொல்லுங்க லா. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்றாள். இப்படி ஒருத்தியிடம் ஆறு வருஷம் பெப்பர்மிண்ட் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்போதும் டாக்டரிடம் போகவில்லை. போகவைத்தது உன் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றப் போகும் நேரத்தில் மாலதியின் அப்பா உன் தோளில் கை போட்டு, "மாப்ளை, உங்க அப்பாவைப் பாருங்க. ஒரே நாள்ல சிகரெட்டைத் தூக்கிப் போட்டவரு. அந்த வைராக்கியம் வேணும்" என்றார். நீ சிரித்தாய். என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தவறித் தவறி அடித்தது. ஒரு துடிப்பு நின்று, அடுத்தது இரண்டாகச் சேர்ந்து வந்த மாதிரி. காலையிலிருந்து மூன்று கோப்பி, ஏழு சூயிங்கம். தட்டை எப்படியோ கொடுத்துவிட்டு, கார்கள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போய் ஒரு காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ என்னைத் தேடி வந்தாய். "என்னப்பா, அழுறீங்களா?" என்று கேட்டு என் முதுகைத் தட்டினாய். மகனுக்கு நிச்சயமான சந்தோஷத்தில் அப்பா அழுகிறார் என்று எல்லாரிடமும் சொன்னாய். நான் அன்றைக்கு அழவில்லை. செத்துப்போய்விடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

டாக்டருக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு மலாயும் ஆங்கிலமுமாக அவர் சொன்னதை உனக்குத் தமிழில் தருகிறேன். "இருதயம் நன்றாகத்தான் இருக்கிறது. நிக்கோட்டினும் கோப்பியும் சேர்ந்து அதை விரட்டியிருக்கின்றன. விக்கல், நெஞ்செரிச்சல், வாய்ப்புண், தாடைவலி எல்லாம் இதனால் வரக்கூடியவைதான். வருஷக்கணக்கில் மென்றால் வேறு என்ன ஆகும் என்பது எனக்கு முழுவதும் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பேச மாட்டேன். ஆனால் இந்த ஏழு வருஷமும் நீங்கள் சிகரெட் பிடித்திருந்தால் இதை விட எவ்வளவோ மோசமாக இருந்திருக்கும். அதனால் இன்றைக்கே எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, நாளைக்கு ஒரு பாக்கெட் வாங்கிவிடாதீர்கள். மெதுவாகக் குறைப்போம்." கடைசியில் ஒன்று கேட்டார். "முதல் வருஷமே ஏன் வரவில்லை? நான் இங்கேதானே இருந்தேன்?"

ஐந்து மாதமாகக் குறைத்துக்கொண்டு வருகிறேன். பன்னிரண்டிலிருந்து இப்போது நாலு. வாய்ப்புண் ஆறிவிட்டது, விக்கல் இல்லை, நெஞ்சு தாறுமாறாக அடிப்பதும் நின்றுவிட்டது. தாடைச் சத்தம் மட்டும் போகவில்லை. ஆனால் இந்த நாலுக்குக் கீழே இறங்குவதற்குள் உயிர் போகிறது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிச்சல் வருகிறது. கல்யாண மண்டபத்துக்காரரிடம் நாற்காலி எண்ணிக்கைக்காக நான் சத்தம் போட்டதாக நீ வருத்தப்பட்டாயே, அது நாற்காலிக்காக இல்லை. பேப்பரை எடுத்தால் ஒரு பக்கம் முழுதாகப் படிக்க முடியவில்லை. வீட்டுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா, "யாரையாவது எதிர்பாக்குறீங்களா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

இனி சொல்லப்போவதற்குத்தான் மூன்று கடிதங்களைக் கிழித்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முந்தி, நீ லீவில் வீட்டுக்கு வந்திருந்தாய். டிவி மேல் ஒரு பெட்டியை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். நான் பார்த்தேன். எனக்கு அந்தச் சூயிங்கம் பெட்டியைத் தூரத்திலிருந்தே தெரியும். நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, கூச்சத்தோடு சொன்னாய். "பதினோரு நாளா சிகரெட் தொடலைப்பா. ஃபேக்டரி கிளினிக்ல இதைக் குடுத்தாங்க." பதினோரு நாள். நான் உன்னைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். எனக்கு என்ன வந்தது என்றால் பயம். நீ இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு எங்கே போய் நிற்குமோ என்ற பயம். "மிட்டாய் மென்னுக்கிட்டு விடுறதெல்லாம் ஒரு விடுறதாடா?" என்றேன். "ஒண்ணை விட்டு இன்னொண்ணைப் பிடிச்சிருக்க, அவ்வளவுதான்."

"டாக்டரே இதுல தப்பில்லைன்னு சொன்னாருப்பா."

"டாக்டர் சொல்லுவாரு. எனக்கு யாரு மருந்து குடுத்தா? நான் ஆம்பளை மாதிரி விடலை?"

நீ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாய். பிறகு பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாய். "அப்ப நீங்களே தூக்கிப் போட்டுடுங்க" என்றாய். நாலாவது நாள் நீ கோப்பிக் கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில், மோட்டாரில் சாய்ந்தபடி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கையைப் பின்னால் கொண்டுபோனாய். நான் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

நீ அறிந்தது அவ்வளவுதான். அறியாததைச் சொல்கிறேன். அந்தப் பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. சீனப் புத்தாண்டுக்குக் கிளினிக்கும் மருந்துக் கடைகளும் மூடியிருந்தன. என்னிடம் இருந்தது தீர்ந்துவிட்டது. உன் பெட்டியைத் திறந்தேன். அந்த வாரம் முழுக்க அதைத்தான் மென்றேன். கோப்பிக் கடையில் உன்னைப் பார்த்துக்கொண்டே நடந்துபோன அந்த நிமிஷம் என் வாயில் இருந்ததும் உன்னுடையதுதான். உன்னிடமிருந்து பறித்ததை வைத்துக்கொண்டு நான் சிகரெட் இல்லாமல் இருந்தேன். அது இல்லாமல் நீ சிகரெட்டுக்குத் திரும்பிப் போனாய். மூன்று வருஷம் நீ இழுத்த புகையில் என் கணக்கு எவ்வளவு என்று யோசித்தால் என்னால் உட்கார முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "பிள்ளை அப்படிக் கேட்டும் ஏங்க மறுபடி அதையே சொன்னீங்க?" என்றாள். அப்போதுதான் பெட்டி விஷயத்தை அவளிடம் சொன்னேன். சூயிங்கத்தை அவள் பொறுத்துக்கொண்டாள். இதைப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு என் முன்னால் நிற்காமல் போய்விட்டாள். நேற்றுதான் பேசினாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் அவன்கிட்ட சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடி."

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பட்டதை மட்டும் சொல்கிறேன். மறுபடி முயற்சி செய். சூயிங்கம் கொடுத்தால் வாங்கு, அதில் ஒரு அவமானமும் இல்லை. எப்படி மெல்லச் சொல்கிறார்களோ அப்படி மெல். எப்போது குறைக்கச் சொல்கிறார்களோ அப்போது குறைக்கப் பார். முடியாவிட்டால் முடியவில்லை என்று போய்ச் சொல். இன்னும் ஒரு மாதம் வேண்டுமென்றால் டாக்டருக்குத் தெரிந்து வாங்கிக்கொள். வாய் புண்ணானாலோ, தாடை வலித்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ அதையும் மறைக்காதே. அதற்குப் பயந்து சிகரெட்டுக்கும் போகாதே. மாலதியிடம் எத்தனை மென்றாய் என்று தினமும் சொல். அவள் கேட்காவிட்டாலும் சொல். சிகரெட் பாக்கெட்டைத் தவறிப்போய் ஒருநாள் வாங்கிவிட்டால் அதையும் சொல்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரிடம் நம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்திருக்கிறேன். ஷிஃப்ட் இருந்தால் சொல், மாற்றிக்கொள்ளலாம். நீ வர விரும்பாவிட்டாலும் எனக்குப் புரியும், நான் தனியாகப் போவேன். மாலதியின் அப்பாவிடம் நானே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஆனால் நீ சரி என்று சொன்ன பிறகுதான்.

இதோ, அம்மா வந்துவிட்டாள். கடிதத்தை மடிக்கப் போனேன், கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். காய்கறிப் பையைக்கூடக் கீழே வைக்காமல், நின்றபடியே கடைசி வரை படித்தாள். தோட்டத்து அம்மாவைப் பற்றி எழுதிய இடத்தில் ஒருதரம் நிறுத்திவிட்டு மறுபடி படித்தாள். முடித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாம் எழுதியிருக்கீங்க. ஒண்ணு மட்டும் எழுதலை."

என்ன என்று கேட்டேன்.

"நீங்களே தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். இத்தனை பக்கத்தில் அது எங்குமே இல்லை.

என்னை மன்னித்துவிடு, சேகர்.

அப்பா